தங்கையின் டோக்கனும் முசிறி பஸ்ஸும்

‘அக்கா, எல்லாம் போச்சுக்கா.’

திருச்சி தென்னூரில் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவருக்கு ஃபிரேம் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் தங்கையின் குரலைக் கேட்டதும், ஃபிரேமை அவர் ஒரு காதில் தொங்க விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். யாருக்கோ உடம்பு முடியவில்லை என்றுதான் நினைத்தேன்.

‘அழாம சொல்லுடி. என்ன போச்சு?’

‘டோக்கன்க்கா. மொத்தமும்.’

திருவானைக்காவலில் இருக்கும் என் தங்கைக்கு இட்லி மாவுக் கடை போட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் பார்த்து, மாத முடிவுக்குள் அட்வான்ஸ் தருவதாகச் சொல்லியும் வைத்திருந்தாள். அந்தப் பணத்தை அவள் சிறுகச் சிறுகச் சேர்த்தது ஒரு கிரிப்டோ டோக்கனில். பெரிய பெயர் இல்லாத சின்ன டோக்கன்தான். அதை வைத்திருக்கும் தமிழ்க்காரர்களுக்குப் போனில் ஒரு குரூப் உண்டு, என்னிடமும் கொஞ்சம் இருந்ததால் நானும் அதில் இருந்தேன். அவள் அங்கே புதிதாக வருகிறவர்களுக்கு உதவி செய்வாள், நான் சண்டை போடுவேன்.

நடந்தது இதுதான். டோக்கனை விற்க, அதை விற்கும் தளத்தின் முகவரிக்கு அனுப்ப வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் குரூப்பில் யாரோ ஒரு புது ஆள், அசல் டோக்கன் எது, போலி எது என்று கேட்டிருக்கிறார். இவள் அசல் டோக்கனின் முகவரியைக் காப்பி எடுத்து அவருக்குப் போட்டாள். பிறகு தன் வேலைக்கு வந்தவள், தளத்தின் முகவரியைக் காப்பி எடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பழையதையே ஒட்டி அனுப்பிவிட்டாள். டோக்கன் எல்லாம் போய் அந்த டோக்கனை நடத்தும் புரோகிராமுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. அதைக் கான்ட்ராக்ட் என்பார்கள். உள்ளே போனது தானாக வெளியே வராது.

ஊருக்கு உதவி செய்யப் போய் இப்படியா?

ஒரே ஒரு வழி இருந்தது. இப்போதைய கான்ட்ராக்டில், மாட்டிக்கொண்டதை எடுத்துக் கொடுக்க ஒரு கதவு வைத்திருந்தார்கள். சாவி டோக்கனைக் கவனித்துக்கொள்ளும் நாலைந்து பேரிடம் இருந்தது. ஓட்டு எடுத்து, குரூப் சம்மதித்தால்தான் திறப்போம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வரை ஓட்டு. தலைக்கு ஒரு ஓட்டு இல்லை, யாரிடம் டோக்கன் அதிகமோ அவர் ஓட்டுக்குப் பலம் அதிகம்.

ஆரம்பித்தது பாருங்கள் சண்டை! ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரர் ஒருவரும் குரூப்பில் இருந்தார். குரல் பதிவு போட்டார்: ‘பெருமாள் உண்டியல்ல மோதிரம் தவறி விழுந்துட்டா என்ன பண்ணுவோம்? விழுந்தது பெருமாளோட சொத்துன்னு சேவிச்சுட்டு வந்துடறோமோல்லியோ? இதையும் திரும்பிக் கேக்கப்படாது.’

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ‘மாமா, உண்டியல்ல விழுந்தா பெருமாளுக்குப் போகுது. இது யாருக்குப் போச்சு சொல்லுங்க? வெளியில இருக்கற டோக்கன் குறைஞ்சா உங்களோடதுக்கு விலை ஏறும். அதாவது என் தங்கச்சி கடையை நீங்க எல்லாரும் பங்கு போட்டுக்கறீங்க!’ என்று நானும் போட்டேன்.

ஆனால் பெரிய தலைவலி இன்னொருவர். குரூப்பில் தன் முகத்துக்குப் பதிலாகக் கழுகுப் படம் வைத்திருப்பார். டோக்கன் எக்கச்சக்கமாக வைத்திருந்தார், துபாயில் இருக்கிறார் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. ‘இன்னிக்கு நல்லவங்களுக்காகக் கதவைத் திறந்தா, நாளைக்கு சாவி வெச்சிருக்கறவன் தனக்காகத் திறப்பான். தப்பா அனுப்பினா போனது போனதுதான். எல்லாருக்கும் ஒரே சட்டம்’ என்று எழுதினார். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்போது அவரை நான் திட்டாத திட்டு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குரூப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் போனில் பேசுவதற்கு ஏற்பாடு. நான் தங்கை வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். ஓட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இழுத்துக்கொண்டு நின்றது. கழுகு மட்டும் இன்னும் போடவில்லை. அவர் போடுகிற பக்கம்தான் ஜெயிக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவர் பேச ஆரம்பித்தார். பேச்சுக்குப் பின்னால் ஒரு கண்டக்டர் தொண்டை கிழியக் கத்துகிறார்: ‘முசிறி, தொட்டியம், நாமக்கல்! முசிறி, முசிறி!’

நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். ‘ஏங்க! நீங்க சத்திரம் பஸ் ஸ்டாண்டுலயா நிக்கிறீங்க?’

கழுகு சிரித்துவிட்டார். ‘ஆமாங்க. முசிறிதான் நம்ம ஊரு.’

‘அங்கயே நில்லுங்க! பஸ் ஏறிடாதீங்க! இதோ வரோம்!’

துபாயாம் துபாய்! தங்கை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். காவிரிப் பாலத்தில் காற்று முகத்தில் அறைகிறது, எனக்கானால் சந்தோஷம் பிய்த்துக்கொண்டு போகிறது. ஆள் கையில் கிடைத்துவிட்டார், பேசியே ஜெயித்துவிடலாம் என்று அவ்வளவு நம்பிக்கை என் வாய் மேல்.

முசிறி பஸ் பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் கையில் மஞ்சள் பையுமாக ஒருவர் நின்றிருந்தார். வாழைத் தோட்டக்காரர். மண்டியில் பணம் வாங்க வந்தாராம். நான் வண்டியை நிறுத்தின வேகத்திலேயே ஆரம்பித்துவிட்டேன். ‘ஒரு பொம்பளை தனியா கடை போட நினைக்கிறா. உங்களுக்கு மனசாட்சி இல்லையா?’

அவர் மஞ்சள் பையைக் கை மாற்றிக்கொண்டு சொன்னார்: ‘எனக்கும் போயிருக்குங்க.’

தங்கைதான் என்னை முழங்கையால் இடித்துவிட்டு முன்னால் வந்தாள். ‘எப்படிங்க போச்சு?’

அவர் அவளைப் பார்த்தார். ‘இந்தக் கேள்வியை இத்தனை நாளா ஒருத்தரும் கேக்கலம்மா. தோட்டத்துக்கு போர் போட வெச்சிருந்த காசு. உங்களை மாதிரியேதான், முகவரி மாறிடுச்சு. குரூப்புல சொன்னதுக்கு, பாத்து அனுப்பியிருக்கணும்னு சொல்லி சிரிக்கற பொம்மை போட்டாங்க. அந்தக் கோடையில வாழை அத்தனையும் நின்ன இடத்துலயே காஞ்சுது. பொறவு மறுபடியும் கொஞ்சம் கொஞ்சமா வாங்கினதுதான் இப்ப இருக்கறது.’

‘அப்ப முதல்ல உங்களுக்குத் தரட்டும்ங்க. அதுக்கப்புறம் எனக்கு. இப்பவே குரூப்புல எழுதறேன்’ என்று தங்கை போனை எடுத்தாள். பாவி, தன் அட்வான்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் தலையை ஆட்டினார். ‘நான் அனுப்பினது பழைய கான்ட்ராக்ட்டும்மா. அதுல கதவே வைக்கல. அது எந்தக் காலத்துலயும் வராது.’

கண்டக்டர் விசில் அடித்தார். கழுகு ‘போயிட்டு வரேன்ங்க’ என்று ஏறிவிட்டார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பஸ் கிளம்பிப் போய்விட்டது. நான் அங்கேயே நின்று ‘இந்த ஆளை நம்பி வந்தோம் பாரு’ என்று புலம்ப ஆரம்பித்தேன். தங்கையின் போனில் டிங் என்று சத்தம் கேட்டது. குரூப்பில் கழுகு எழுதியிருந்தார்: ‘எனக்குக் கதவு இல்லை. இந்தம்மாவுக்கு இருக்கு. இருக்கற கதவை மூடி வெச்சு எனக்கு என்ன ஆகப் போகுது? என் ஓட்டு திருப்பிக் கொடுக்கத்தான்.’

ஐயோ, நான் போட்ட சத்தத்துக்கு பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. தங்கையைக் கட்டிக்கொண்டு குதியாய்க் குதித்தேன். அவள் குதிக்கவில்லை. முசிறி பஸ் போன பக்கமே பார்த்துக்கொண்டு அழுதாள்.

டோக்கன் திரும்பி வந்தது. அட்வான்ஸும் கொடுத்தாள். அவருக்கும் கொஞ்சம் அனுப்புகிறேன் என்று எத்தனையோ தடவை எழுதிப் பார்த்தாள், டோக்கன் அனுப்ப அவர் முகவரியே தரவில்லை. கடை எங்கே, என்றைக்குத் திறப்பு என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

திறப்பு விழா அன்று காலை நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சின்ன லோடு வண்டி வந்து நின்றது. டிரைவர் கடையின் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு, வாசலில் கட்ட இரண்டு வாழை மரங்களை இறக்கினார். குலை தள்ளிய மரங்கள், இலை ஒன்றுகூடக் கிழியாமல் வந்திருந்தன. நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போதே தங்கையின் போனில் ஒரு குரல் பதிவு வந்தது.

‘முகவரியை நாலு தடவை சரி பாத்துட்டுத்தான்மா அனுப்பியிருக்கேன். திருப்பி அனுப்பிடாதீங்க.’