மூடி விளையாட்டு

என் தம்பி ஒன்றரை வயது வரைக்கும் எங்கள் வாப்பாவை ஒரு கைபேசி என்றே நினைத்திருந்தான். அதில் அவன் தப்பு ஒன்றுமில்லை. அவன் பிறப்பதற்கு முன்பே வாப்பா விடுப்பு முடிந்து சவூதிக்குப் போய்விட்டார். தினமும் மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு உம்மாவின் கைபேசியில் வாப்பாவின் முகம் வரும். தம்பி அதை எச்சிலாக்கி முத்தம் கொடுப்பான். அழைப்பு முடிந்ததும் கைபேசியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பான். எனக்கு அப்போது ஒன்பது வயது. வாப்பா அந்தப் பக்கமாகப் போய்விட்டாரா என்றுதான் தேடுகிறான் என்று நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அவன் எதை எதற்காகச் செய்கிறான் என்று கவனிப்பதுதான் எனக்குப் பெரிய பொழுதுபோக்கு.

ஆகவே வாப்பா இரண்டு மாத விடுப்பில் காயல்பட்டினம் வந்து, வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே நுழைந்தபோது, தம்பி வீறிட்டு அழுதான். கைபேசிக்குள் இருக்க வேண்டிய ஆள் இத்தனை உயரமாக வந்து நின்றால் யாருக்குத்தான் பயம் வராது? பேட்டரி கார் கொடுத்தார், அழுதான். சாக்லேட் கொடுத்தார், சாக்லேட்டை வாங்கிக்கொண்டு அழுதான். ராத்திரி உம்மா கைபேசியில் வாப்பாவின் பழைய படத்தைக் காட்டினால், அதற்கு மட்டும் முத்தம் கொடுப்பான். வாப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குச் சிரிப்பு வரும். அவருக்கு வராது.

ஒரு வாரம் கழித்து ஒருநாள் வாப்பா கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தார். தம்பி பக்கம் திரும்பவே இல்லை. ஓர் எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்து, அதன்மேல் ஒரு சில்வர் மூடியைக் கவிழ்த்து, காற்றிடம் கேட்பதுபோல "எங்கே போச்சு?" என்றார். பிறகு தானே மூடியைத் திறந்து, தானே கைதட்டிக்கொண்டார். மூத்த மாப்பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று சாச்சி, அதாவது உம்மாவின் தங்கை, கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் தம்பி அழுகையை நிறுத்தியிருந்தான். மூன்றாம் நாள் தத்தித் தத்திப் பக்கத்தில் வந்து அவனே மூடியைத் தூக்கிப் பார்த்தான். பழம் இருந்தது. வாப்பா கைதட்டினார். தம்பி அவர் முகத்தை முதல் தடவையாக அழாமல் பார்த்தான்.

பிறகு ஒரு மூடி மூன்றானது. பேரீச்சம்பழம் வந்த அட்டைப்பெட்டியில் வாப்பா கத்தியால் ஒரு கீறல் போட்டார்; தம்பி பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஒவ்வொன்றாக அதற்குள் போட்டான். காலுறைகளைப் பந்தாகச் சுருட்டி வாளிக்குள் எறிந்தார்கள். கொல்லையில் இரண்டு பேசினுக்கு நடுவே உட்கார்ந்து, ஒன்றிலிருந்து மற்றதற்குக் குவளையால் தண்ணீர் மாற்றினார்கள். கடைசியில் தண்ணீர் முழுவதும் வாப்பாவின் கைலியில்தான் இருந்தது. என் சின்ன வயதில் இதெல்லாம் என்னோடு விளையாடினாரா என்று கேட்டேன். "அப்ப லீவு கெடைக்கலம்மா" என்றார்.

இந்த விளையாட்டுகளால் வீட்டில் ஒரு சங்கடமும் வந்தது. எங்கள் ஊரில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் தாய்வீட்டிலேயே இருப்பார்கள். மாப்பிள்ளைதான் அங்கே வருவார். உம்மாவும் சாச்சியும் அந்த வீட்டில்தான் சேர்ந்து இருந்தார்கள். சாச்சியின் மாப்பிள்ளை, எங்கள் சாச்சா, ஹாங்காங்கில் இருந்தார். மாப்பிள்ளைக்கு வேண்டியதெல்லாம் முன்னறைக்கே போய்விடும். அவர் அடுப்படிக்குள் கால் வைப்பதில்லை. வாப்பாவோ தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போய்ப் பானை பானையாகத் திறந்து பார்த்தார்.

"மச்சான், என்ன வேணும்னு அங்கன இருந்தே சொல்லுங்க. மாப்புள அடுப்படிக்கு வாரது வெளிய தெரிஞ்சா எங்களத்தான் சிரிப்பாங்க" என்றாள் சாச்சி.

"மூடி வேணும். எல்லா அளவுலயும் வேணும்" என்றார் வாப்பா.

மாதக் கடைசிக்குள் எந்த டப்பா எங்கே இருக்கிறது என்று சாச்சியைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. விளையாட்டுக்கு விதியும் போட்டார்: ஒளித்து வைத்தவர்தான் கைதட்ட வேண்டும். கண்டுபிடித்தவர்தானே தட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் சண்டைக்குப் போனேன். "ஒளிச்சு வச்சவன் சந்தோஷப்படணும். அப்பத்தான் தேடுதவனுக்கு அடுத்த வாட்டியும் தேடத் தோணும்" என்றார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. என்றாலும் விதி என்றால் விதிதான் என்று ஒத்துக்கொண்டேன்.

தம்பி வாப்பாவின் நெஞ்சில் படுத்துத் தூங்கப் பழகிய வாரத்தில் விடுப்பு முடிந்தது. மதியம் லுஹர் தொழுததும் திருவனந்தபுரத்துக்குக் கார். அன்று விடியற்காலையில், உம்மாவும் சாச்சியும் தொழுதுகொண்டிருந்தபோது, வாப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டு பால் காய்ச்சப் போனார். பாத்திரம் ஒன்று ணங்கென்று மோதும் சத்தம் என் அரைத் தூக்கத்தில் கேட்டது. பூனையாக இருக்கும் என்று புரண்டு படுத்தேன்.

பத்து மணிக்குப் பாஸ்போர்ட்டைக் காணோம். டிக்கெட் பையில் இருந்தது, அது மட்டும் இல்லை. உம்மா பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். அன்றைக்குப் போகாவிட்டால் அந்த வேலைக்கு ஆள் மாற்றிவிடுவார்கள் என்று முதல் நாள்தான் அரபி முதலாளியின் கணக்கப்பிள்ளை கைபேசியில் சொல்லியிருந்தார்.

"இவனாத்தான் இருக்கும். பெட்டிக்குள்ள போட்டுப் போட்டுப் பழகிட்டான்லா" என்று வாப்பா தம்பியைக் காட்டினார்.

எல்லோரும் ஒன்றரை வயது ஆளின் புத்தியோடு தேடினோம். பேரீச்சம்பழப் பெட்டியைக் கொட்டினோம். சலவை எந்திரம், செருப்புகள், கட்டிலடி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால். காணாமல்போன சீப்பும் சாச்சியின் ஒரு பக்கத்துக் கம்மலும் கிடைத்தன. வாப்பாவும் தேடினார். ஆனால் பார்த்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். பதற்றத்தில் அப்படித்தான் ஆகும் என்று நினைத்தேன்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. பீரோவில் வாப்பாவின் காலாவதியான பழைய பாஸ்போர்ட் ஒன்று இருந்தது. அதை எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தேன். அவன் முதலில் முனையைக் கடித்துப் பார்த்தான். அதை வாங்கி என் முதுகுக்குப் பின்னால் மறைத்து, வாப்பாவின் குரலிலேயே "எங்கே போச்சு?" என்றேன்.

தம்பி என் முதுகுப் பக்கம் வரவில்லை. திரும்பி அடுப்படிக்கு நடந்தான். நான் பின்னாலேயே போனேன். மேலே சிமெண்ட் தட்டில் சஹன்கள் அடுக்கியிருந்தன. சிலர் சேர்ந்து சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பெரிய தட்டுகள் அவை. கல்யாணம், விருந்து என்றால்தான் கீழே இறங்கும். உம்மாவுக்கே ஸ்டூல் போட்டால்தான் எட்டும். தம்பி அதற்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கையை நீட்டினான்.

ஸ்டூலைப் போட்டு, அதிலிருந்து அடுப்பு மேடையில் ஏறி, மேல் சஹனைத் தூக்கினேன். ணங்கென்று சத்தம் வந்தது. அடியில் பாஸ்போர்ட் இருந்தது.

நான் போட்ட கூச்சலில் எல்லோரும் ஓடி வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "இந்தப் பொடியன் அங்கன எப்படி ராத்தா ஏறினான்?" என்று சாச்சி தன் ராத்தாவை, அதாவது உம்மாவை, கேட்டாள். உம்மா வாப்பாவையே பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்டூல்ல ஏறியிருப்பான். இப்ப எல்லாத்துலயும் ஏறுதான்" என்று உம்மாவே சொல்லிவிட்டு, என் கையிலிருந்து பாஸ்போர்ட்டை வாங்கி முந்தானையால் துடைத்து, வாப்பாவின் சட்டைப்பைக்குள் அவளே வைத்தாள். அவள் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. உம்மா பொய் சொல்லி நான் கேட்டதில்லை என்பதால், தம்பி ஸ்டூலில் ஏறியதாகவே நம்பினேன்.

அந்த நேரத்தில் என்னைத்தான் எல்லோரும் கொண்டாட வேண்டும் என்று எனக்கு ஆசை. தம்பிகூட என்னைப் பார்க்கவில்லை. வாப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதற்கோ காத்து நின்றான். வாப்பா மெல்ல முழங்காலிட்டு அவன் எதிரே உட்கார்ந்தார். மூன்று தடவை கைதட்டினார். தம்பி குதித்துக் குதித்துச் சிரித்தான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. விதியைப் போட்டவரே விதியை மறந்தால் எப்படி?

"வாப்பா, ஒளிச்சு வச்சது தம்பி. அவன்தான் தட்டணும்" என்றேன்.

"ஆமாம்மா" என்றார் வாப்பா. தம்பியின் இரண்டு உள்ளங்கைகளையும் பிடித்து ஒன்றோடொன்று சேர்த்துத் தட்டிவிட்டார். வெளியே கார் வந்து ஹாரன் அடித்தது. அடுத்த விடுப்புக்கு இரண்டு வருடம் ஆனது. அதுவரைக்கும், அவருடைய தப்பை நான் திருத்திவிட்டேன் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.