கந்தப்புவின் சொட்டாத குழாய்

"சட்டம் சொல்லாத ஒரு சொட்டுத் தண்ணி என்ர பைப்பால போச்சுதெண்டா, அதுக்குப் பிறகு என்னை ஒருத்தரும் கந்தப்பு எண்டு கூப்பிடாதேங்கோ!"

நெடுந்தீவுச் சங்கக்கடை வாசலில் நின்று கந்தப்பு இப்படி முழங்கியபோது மறுத்துப் பேச ஒருவருக்கும் வாய் வரவில்லை. குடிநீர்த் தாங்கிக்கு அவர் காவலாகி இருபத்தொன்பது வருடம். பென்சனுக்கு இன்னும் இரண்டே மாதம். குடும்ப அட்டை காட்டாமல் அவருடைய சொந்த மனைவிகூட அங்கே ஒரு குடம் நிரப்பியதில்லை.

அந்தக் கோடையில் கிணறெல்லாம் உப்பாகிவிட, மேலிடத்திலிருந்து ஒரு கட்டளை வந்தது. தாங்கித் தண்ணீர் மனிதருக்கு மட்டும். விலங்குக்கு ஊற்றினால் குற்றம். ஊற்றவிட்ட காவலாளிக்கு வேலையுமில்லை, பென்சனுமில்லை. தீவின் காட்டுக் குதிரைகளுக்கோ ஏற்கெனவே அரச பாதுகாப்பு இருந்தது. பிடித்தால் குற்றம், படகேற்றினால் குற்றம். தாகத்தில் சாகவிட்டால் மட்டும் குற்றமில்லை. இவ்வளவு நேர்த்தியான பாதுகாப்பு வேறெந்த உயிருக்கு வாய்க்கும்!

மாடு வளர்க்கும் ஜசிந்தா, தன் பங்குத் தண்ணீரில் பாதியை ஒரு குதிரைக்குட்டிக்கு ஊற்றிப் பிடிபட்டாள்.

"நான் குடிக்கிற தண்ணியைத்தானே அண்ணை வைச்சனான்?"

"உமக்குக் குடிக்கத்தான் பிள்ளை தந்தது," என்று கந்தப்பு அவள் பெயரைப் பொலிசுக்கு எழுதி அனுப்பினார்.

அன்று பின்னேரமே இன்னொரு பெருங்குற்றம் அவர் கண்ணில் பட்டது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பழைய சைக்கிள் ரியூப்பைக் கிழித்துச் சுற்றி, பல்லால் இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டார். சொட்டு நின்றது. சட்டம் முழுமை பெற்றது.

மூன்றாம் நாள் காலை தாங்கிப் பூட்டின் திறப்புக் கோர்வையுடன் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். குழாயடியில் அந்தக் குதிரைக்குட்டி செத்துக் கிடந்தது. வெளியே நீண்ட நாக்கு சீமெந்தில் ஒட்டியிருந்தது. ரியூப் முழுக்கச் சின்னச் சின்னப் பல் தடங்கள். கந்தப்புவின் பல் அவ்வளவு சின்னமில்லை. பக்கத்தில் தாய்க்குதிரை. அவரைக் கண்டும் அது விலகவில்லை. விலக ஏலாத நிலை.

"இந்தச் சொட்டை நக்கித்தானே அண்ணை இது இவ்வளவு நாளும் உயிரோட நிண்டது." வாளியோடு வரிசைக்கு முதல் ஆளாக வந்திருந்த ஜசிந்தா பின்னால் நின்றாள்.

கந்தப்பு திறப்புக் கோர்வையைக் கீழே வைத்தார். குந்தியிருந்து ரியூப்பை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது. குட்டி கடித்த இடத்திலேயே அவரும் பல்லை வைக்க வேண்டி வந்தது. பிறகு குழாயை முழுதாகத் திறந்துவிட்டார்.

"அண்ணை! பென்சன்…"

"வாளியைப் பிடியும்."

தாய்க்குதிரை வாளிக்குள் மூக்கை விட்டது. அட்டையும் குடமுமாக வந்த இரண்டு பேர், வைத்த கண் வாங்காமல் நின்றார்கள்.

"அப்ப இனி உங்களை என்னெண்டு அண்ணை கூப்பிடுறது?" என்றாள் ஜசிந்தா, மெல்ல.

"மற்ற வாளியைத் தாரும்," என்றார் அவர்.