கேமராவைப் பார்க்கிற ஊர்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடந்த இருபது வருடத்தில் கல்யாணம் ஆனவர்களில் பாதிப் பேரை வீடியோ எடுத்தது என் வீட்டுக்காரர் நெடுமாறன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தவர்கள். இவர் பத்தாவது முடித்து ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு சொந்தக் கேமரா வாங்கினார். வீட்டில் டிவி ரிமோட் அவர் கையில்தான். எரிமலை, பனிக்கரடி, தனியாளாகப் பாலைவனம் கடப்பவன், உலகப் போர் என்று ஆவணப்படமாகவே ஓடும். சீரியல் பார்க்க நான் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும். ஒருமுறை, புலியைப் படம் எடுக்கிறவர்கள் மாதிரி தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று மணப்பெண்ணை எடுத்து, பெண் வீட்டாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். கல்யாணத்துக்கு வர முடியாதவர்களுக்கு வீடியோதான் போகும். அதனால் மேடையில் யார் நின்றாலும், "இங்க பாருங்க, வெளிநாட்டுல இருக்கறவங்க பாப்பாங்க" என்று இவர் குரல் கொடுப்பார். ஊரே அதற்குப் பழகிவிட்டது.

போன வருடம் மதிவாணன் என்ற ஆவணப்பட இயக்குநர் சென்னையிலிருந்து வந்தார். எங்கள் ஊரிலிருந்து மலேயாவுக்குக் கூலிக்குப் போனவர்களில் சிலரை, உலகப் போர் சமயத்தில் ஜப்பான்காரர்கள் சயாம் காட்டில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பவே இல்லை. அவர்களைப் பற்றிய படம். என் வீட்டுக்காரருடைய தாத்தாவின் அண்ணன் நல்லக்கண்ணுவும் அதில் ஒருவர். வந்த இடத்தில் மதிவாணனின் கேமராமேனுக்கு மஞ்சள் காமாலை வந்துவிட, என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். காலமெல்லாம் ஆசைப்பட்ட வேலை.

முதல் நாளே சொதப்பியது. கேமரா இருப்பதே தெரியாத மாதிரி வாய்க்கால் கரையில் நடந்து வரும்படி ரெங்கசாமி என்ற விவசாயியிடம் சொன்னார்கள். என் வீட்டுக்காரரைக் கண்டதும் அவர் நின்று, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். எத்தனை தரம் எடுத்தாலும் அதே சிரிப்பு. அடுத்து வந்தவர்களும் அப்படியேதான். சாயங்காலம், சயாம் போன தன் தாத்தாவைப் பற்றிப் பேச வந்த கண்ணாத்தாள் அக்காவும் கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மதிவாணனுக்குப் பொறுமை போய்விட்டது. "இது கல்யாண வீடியோ இல்ல சார். நாளைக்குச் சென்னையிலேர்ந்து வேற ஆள் வரச் சொல்றேன். நீங்க கிளம்புங்க."

டீ கொண்டுபோயிருந்த எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரரோ கேமராவை நிறுத்தாமலே அக்காவிடம் கேட்டார்.

"ஏன்க்கா, இங்க பாக்காதீங்கன்னு எத்தனை தடவ சொன்னேன்?"

"நீதானப்பா சொல்லுவ, இங்க பாருங்க, வெளிநாட்டுல இருக்கறவங்க பாப்பாங்கன்னு. எங்க தாத்தா அங்கதான கெடக்குறாரு? எங்களையெல்லாம் அவரு பாக்க வேணாமா?"

மதிவாணன் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "கேமரா ஓடுச்சா?" என்றார்.

"மேடையிலேர்ந்து ஆள் இறங்குற வரைக்கும் நிறுத்த மாட்டேன் சார்."

"அப்ப வேற யாரும் வர வேணாம். உங்க வழக்கப்படியே எடுங்க."

எடுத்தார். ஆளைப் பறிகொடுத்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக, பேரன் பேத்திகளோடு, தங்கள் வாசலிலும் வயலிலும் நின்று நேராகப் பார்த்தன. யாருக்கும் வசனம் கிடையாது.

கடைசியாக எங்கள் குடும்பத்தின் முறை. கேமராவை மதிவாணன் வாங்கிக்கொண்டார். ஊரையே பார்க்க வைத்த மனிதர் தலையைக் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். முழங்கையால் ஓர் இடி கொடுத்தேன்.

"இங்க பாருங்க. நல்லக்கண்ணு தாத்தா பாப்பாரு."

நிமிர்ந்து பார்த்தார். படம் அந்த முகத்தோடுதான் முடிகிறது. பக்கத்தில் நிற்கிற நான் மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.