சரிந்து மிதந்த தோணி

நான் கலியாணம் முடித்து மருதமுனைக்கு வந்தபோது எனது உடுப்புப் பெட்டியோடு நான் செய்த சின்ன மரக்கப்பல் ஒன்றும் வந்தது. எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டில் போய்க் குடியிருப்பது. மாமா அந்தக் கப்பலை ஒருதரம் பார்த்துவிட்டு, மாமியிடம், "புள்ள பொறந்தா விளையாட்டுச் சாமான் வாங்கத் தேவல்ல" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மாமாவும் நானும் நேருக்கு நேர் கதைப்பது கிடையாது. எனக்கு ஒன்று வேண்டுமென்றால் மனைவியிடம் சொல்வேன். அவள் மாமியிடம் சொல்வாள், மாமி மாமாவிடம் சொல்வார். மறுமொழியும் அதே வழியால் திரும்பி வரும். மரியாதை தெரிந்த மருமகன் என்று ஊரில் எனக்குப் பெயர் இருந்தது. வாய் திறக்கக் கூச்சப்படுகிற எனக்கு அது பெரிய வசதி.

பகலில் தறியில் இருப்பேன். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு கிணற்றடியில் உட்கார்ந்து கப்பல் செய்வேன். தேயிலைப் பெட்டிப் பலகை, முள்முருங்கைக் கட்டை, பாய்க்கயிற்றுக்குத் தறியில் மிஞ்சும் நூல். உடைந்த போத்தல் ஓட்டால் சீவி, காய்ந்த திருக்கைத் தோலால் தேய்த்து, கடைசியில் சுறா எண்ணெயில் குங்கிலியம் காய்ச்சிப் பூசுவேன். அந்த மணம் மனைவிக்குப் பிடிக்காது. "சோத்துக்குள்ளயும் கப்பல்தான் மணக்குது" என்பாள்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், மாரி முடிந்த கையோடு, மாமா, கரையில் நின்று இழுக்கும் கரைவலைக்குப் புதுத்தோணி கட்டத் தொடங்கினார். கடற்கரையில் கிடுகுப் பந்தல் போட்டு, தோணி கட்டும் தச்சரான ஓடாவி வேலை செய்தார். அந்தத் தோணியை அப்படியே சின்னதாகச் செய்ய எனக்கு ஆசை வந்தது. ஓடாவி சாப்பிடப் போகும் நேரம் பார்த்துப் போய், தோணிக்கு விலா எலும்பு மாதிரி வளைந்து நிற்கும் வங்குகளை முடிச்சுப் போட்ட நூலால் ஒவ்வொன்றாக, இரண்டு பக்கமும் அளந்தேன். ஒரு முழத்துக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்தேன்.

மாமாவின் ஒரே மகன், எனது மச்சான், என்னைக் கண்டுபிடித்துவிட்டான். இருபத்திரண்டு வயது. அந்த வருஷம் அவனுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள்.

"மச்சான், களவா அளக்கிறீங்க? என்னையும் ஒரு ஆளாச் செஞ்சு அதில வைங்க. மீசை பெரிசா இருக்கோணும்."

"எந்த இடத்தில வைக்க?"

"இடப்பக்கம். வலை எறக்கிறது நான்தானே."

விரலளவு ஆளொன்றைச் செதுக்கி, மீசை வைத்து, இடப்பக்க ஓரத்தில் பசை போட்டு நிறுத்தினேன். எண்ணெய் காய்ந்ததும் தோணியைக் கிணற்றடித் தொட்டியில் விட்டேன். அது இடப்பக்கம் சரிந்தது.

கைப்பிழை என்று நினைத்துக் கழற்றித் திரும்பவும் செய்தேன். திரும்பவும் சரிந்தது. நூலோடு கடற்கரைக்குப் போய் முதலிலிருந்து அளந்தேன். பிழை எனது கையில் இல்லை. பெரிய தோணியின் நடு வங்குகள் இடப்பக்கம் நாலு விரல் ஒடுங்கியிருந்தன. மணல் இறங்கித் தாங்குகட்டை சாய்ந்திருக்க வேண்டும். ஓடாவி கவனிக்கவில்லை. பலகை முழுக்க ஏறிவிட்டது.

வீட்டுக்கு வந்து, துணியில் ஈரமணலைக் கட்டி, வலையின் பாரம்போல் தோணிக்குள் வைத்தேன். தொட்டித் தண்ணீரைக் கையால் ஒருதரம் அலைத்தேன். மச்சான் நின்ற ஓரத்தால் தண்ணீர் ஏறி, தோணி சத்தமில்லாமல் குப்புறப் புரண்டது.

மனைவியிடம் காட்டினேன். அவள் முகம் மாறியது. "உம்மாட்ட சொல்றன்" என்றாள். ஆனால் அந்த வீட்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. புதுத்தோணி கடலில் இறங்கும்வரை கவிழும், தாழும் என்ற சொற்களை ஒருவரும் வாயில் எடுக்கக் கூடாது. மாமி மகளின் வாயைப் பொத்தினாராம். "தோணி எறக்க ஓதுற பாத்திஹாவுக்கு நாள் குறிச்சாச்சு. அவச்சொல் சொல்லாதகா." சேதி மாமியோடு நின்றுவிட்டது.

பாத்திஹாவுக்கு மூன்று நாள் இருந்தது. மாமா தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழு எடுக்க வரும் நேரத்தில், தோணியை மணலோடு தொட்டியில் விட்டுவிட்டு வாழைமரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். பார்த்தால் விளங்கும், நான் கதைக்கத் தேவையில்லை என்று நம்பினேன். மாமா குனிந்து பார்த்தார். சரிந்து கிடந்த தோணியை ஒரு விரலால் நிமிர்த்தினார். அது மறுபடியும் சரிந்தது.

மாமா கிணற்றடியில் நின்ற எனது மனைவியைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "புள்ள, ஒண்ட மாப்பிள்ளைட தோணிக்கு ஒரு பக்கம் வாதம். நெசவுக்காரன் மரத்தில கை வெச்சா இப்படித்தான்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் வாழையிலையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு நின்றேன். மாமா ஒழு எடுத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார்.

பாத்திஹா ஓதி, சர்க்கரைச்சோறு பகிர்ந்து, தோணியை இறக்கினார்கள். அது கொஞ்சம் சரிந்தது. "புது மரம், தண்ணி குடிச்சா நிமிரும்" என்று சொல்லி ஓடாவி வலப்பக்கம் ஒரு மணல்மூட்டை வைத்தார். தோணி நிமிர்ந்தது. அன்றைக்கே வலை நிறைய மீன். மச்சான் தோணியிலிருந்து, கரையில் நின்ற என்னைப் பார்த்து, "மச்சான், இது நிமிந்துதான் போகுது. ஒங்கட தோணிக்கும் ஒரு மூட்டை வைங்க" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. தறியில் உட்கார்ந்தாலும் எனது கண்ணுக்குள் அந்த மூட்டைதான். அதை யாரும் கட்டி வைக்கவில்லை. நான் பார்த்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கொண்டல் காற்று எழும்பியது. வலை பாதி இறங்கியிருந்தபோது ஒரு அலை பக்கத்தால் அடித்தது. மூட்டை சறுக்கி இடப்பக்கம் வந்தது என்று நீந்தி வந்தவர்கள் சொன்னார்கள். ஏழு பேர் வந்தார்கள். மச்சானை வலை சுற்றியிருந்தது. வலையை இழுத்தே அவனைக் கரைக்கு எடுத்தார்கள்.

மச்சானின் ஜனாஸாத் தொழுகைக்குப் போகுமுன் மாமா கிணற்றடிக்கு வந்தார். இடுப்பில் உடுத்திருந்த சாரம் இன்னும் நனைந்திருந்தது. அலுமாரிக்கு மேல் இருந்த எனது தோணியை அவரே எடுத்து வந்திருந்தார். அதைத் தொட்டியில் விட்டு, அது சரிவதைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு என்னை நேராகப் பார்த்தார்.

"இது ஒங்களுக்கு எப்ப தெரியும், மருமகன்?"

"பலகை ஏறின கிழமையே தெரியும், மாமா."

அவருக்கு நான் சொன்ன முதல் முழு வசனம் அதுதான். அவர் ஏசவில்லை. ஓரத்தில் நின்ற சின்ன ஆளைப் பிய்த்தெடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அதே தொட்டித் தண்ணீரில் ஒழு எடுத்தார். ஆள் போனதும் தோணி கொஞ்சம் நிமிர்ந்தது. முழுக்க நிமிரவில்லை.