பிரேதப் பரிசோதனை கேட்டவர்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். வண்டி நகர்வதற்கு முன்பே "மெதுவா, மெதுவா" என்று ஆரம்பித்துவிடுவதால் தெருவில் எல்லோருக்கும் அவர் மெதுவா மாஸ்டர். வீட்டில் வாயே திறக்கமாட்டார்; அவருக்கும் சேர்த்து மனைவி பேசிவிடுவாள்.

அவளுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார் சர்ஜன். மறுநாள் காலையில் வயிறு உப்பி, வலியில் துடித்தாள். மாஸ்டர் நர்ஸிடம் ஓடினார். நர்ஸ் சர்ஜனுக்குப் போன் செய்தாள். "வயித்துல கேஸா இருக்கும், ஊசி போடு" என்று பதில் வந்தது. மறுபடி ஓடினார், மறுபடியும் ஊசிதான். சாயங்காலம் அவள் மூச்சு அடங்கிவிட்டது. இதயம் நின்றுவிட்டதாம்.

உடலை எடுத்துப்போக வண்டி வந்தபோது மாஸ்டர் நகரவில்லை. "போஸ்ட்மார்ட்டம் பண்ணணும்" என்றார்.

மனைவியின் தம்பி கொதித்துப்போனான். "செத்தும் எங்கக்காவை நிம்மதியா விடமாட்டீங்களா மாமா? இன்னொரு தடவை அறுக்கணுமா?"

"உங்கக்கா வலிக்குது வலிக்குதுன்னு சொன்னாடா. யாரும் நம்பல. நானாவது நம்ப வேணாமா?"

அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டவன்தான், பிறகு அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து தேங்கியிருந்தது பரிசோதனையில் தெரிந்தது. சர்ஜன் மீது வழக்குப் போட்டார் மாஸ்டர்; இனி ஜெயித்த மாதிரிதான் என்று நினைத்தார். வக்கீல் உதட்டைப் பிதுக்கினார். "கசிவு எந்த ஆபரேஷன்லயும் வரலாம்னு சொல்லிடுவாங்க சார். இது அலட்சியம்னு இன்னொரு டாக்டர் வந்து சொல்லணும்."

கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கினார். எல்லோரும் வருத்தப்பட்டார்கள், சாட்சி என்றதும் நழுவினார்கள். ஓய்வுபெற்ற பெண் சர்ஜன் ஒருவர் மட்டும் முழுதாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வர்றேன். ஆனா உங்களுக்குப் பிடிச்ச மாதிரி பேசமாட்டேன்."

கோர்ட்டில் அப்படித்தான் பேசினார். "ரத்தக் கசிவு என் கையிலயும் நடந்திருக்கு. அதைக் குத்தம் சொல்லமாட்டேன். வலியில துடிக்கிறவங்களைப் போன்லயே பார்த்து முடிச்சாரே, அதுதான் குத்தம். நேர்ல வந்து வயித்தைத் தொட்டுப் பார்த்திருந்தா விஷயம் தெரிஞ்சிருக்கும். திரும்பத் திறந்து காப்பாத்தியிருக்கலாம்."

நர்ஸும் மறைக்கவில்லை. "நான் கூப்பிட்டேன். டாக்டர் வரல" என்றாள், தலை குனிந்தபடி.

அலட்சியம்தான் என்று தீர்ப்பானது. சர்ஜன் மன்னிப்புக் கேட்கவில்லை. மேல்முறையீடு என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

செய்தி கேட்டு மைத்துனன் வந்தான். வாசலிலேயே நின்றான்.

"மாமா, அக்கா ரொம்பக் கஷ்டப்பட்டாளா?"

மாஸ்டருக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஆமாடா" என்றார்.

அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து அவர் தோளில் சாய்ந்து அழுதான்.