ஹாஜா சார் கோவில்பத்துக்குப் போன நாள்

"அத்தா மவுத்தாயிட்டாங்க மேடம்" என்று ஹாஜா சாரின் மகன் தொலைபேசியில் சொன்னபோது நான் கல்லூரி ஆய்வகத்தில் இருந்தேன். மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார். காரைக்காலில் விலங்கியல் படித்த உங்களில் பலருக்கு அவர் ஆசிரியர். எனக்குப் பக்கத்து மேசைக்காரர்.

உடலின் நாள்சுழற்சியை அவர் நடத்திய விதம் உங்களுக்கு நினைவிருக்கும். ஈரல், தோல், முடிவேர் என ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் இரண்டு புரதங்கள் இணைந்து சில மரபணுக்களை முடுக்குகின்றன. அந்த மரபணுக்களால் உருவாகும் புரதங்கள் பெருகியதும் திரும்பி வந்து, தம்மை உண்டாக்கிய வேலையையே நிறுத்துகின்றன. அவை சிதைந்தபின் மறுபடி தொடக்கம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள். "கடிகாரம்னு பேரு வச்சது நாம. உள்ள நடக்கறது சேர்றதும் செதையறதும்தான்" என்பார்.

செவிலியர்களுக்காக நடந்த ஒரு கூட்டத்தில் இதைப் பேசினார். மேடையில் அவருக்குப் பக்கத்தில் நான். கோவில்பத்திலிருந்து வந்திருந்த கலா என்ற செவிலியர் எழுந்து, "நைட் டூட்டியே தொடர்ந்து பார்த்தா உடம்பு பழகிடுமா சார்?" என்று கேட்டார்.

"பழகிடும்மா. செல்லும் மெல்ல மாறிக்கும்" என்றார் சார். கைதட்டினார்கள்.

பிறகு இரவுப் பணியாளர்கள் சிலரின் முடிவேர்களைச் சேகரித்து, அந்த மரபணுக்கள் எப்போது அதிகம் இயங்குகின்றன என்று பார்த்தோம். கலாவின் முடிவேரும் அதில் இருந்தது. மாதக்கணக்கில் இரவில் விழித்திருந்தும் அவருடைய செல்கள் பகலில் வேலை பார்ப்பவர்களுடையதைப் போலவே இயங்கின. அதற்குள் அவருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது. இரவு விழிப்பால்தான் வந்தது என்று எங்களால் சொல்ல முடியவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

முடிவு தெரிந்த மறுநாளே சார் கோவில்பத்துக்குப் பேருந்து ஏறினார். நானும் போனேன்.

"பொதுவா சொன்னதுதானே சார். யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறாங்க?" என்றேன்.

"அந்தப் பொண்ணு வச்சிருக்கும்" என்றார்.

கலா தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பப் போன கணவரைச் சார் தடுத்துவிட்டார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் காத்திருந்தோம். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தெருவையே கவனித்துக்கொண்டிருந்தேன்.

கலா வந்ததும் சார் எழுந்து நின்றார். "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேம்மா. எல்லாருக்கும் பழகிடாது. உனக்குப் பழகல."

"நீங்க சொன்னீங்கன்னுதான் சார், பகல் டூட்டி தர்றேன்னப்ப வேணாம்னேன்."

சார் தலைகுனிந்து நின்றார். கலா உள்ளே போய்விட்டார். பின்னர் சார் கலாவின் மருத்துவமனைக்கு நடையாய் நடந்து, பேசிப் பேசி, அவருக்குப் பகல் பணி வாங்கித் தந்தார். அதற்குப் பிறகு எந்த மேடையிலும் தன் பேச்சை அந்தத் தவறிலிருந்தே தொடங்கினார். கேட்டுக்கொண்டிருக்கும் எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

அடக்கத்தன்று கலா பணி உடையோடு சார் வீட்டுக்கு வந்து என் அருகில் உட்கார்ந்தார். "அன்னிக்கு வீடு தேடி வந்தவங்களுக்கு நான் ஒரு வாய் தண்ணி கூட குடுக்கல மேடம்" என்று அழுதார்.

"அந்த மேடையில எனக்குச் சந்தேகம் இருந்துச்சு கலா. நான் வாயைத் தொறக்கல" என்றேன்.

"தெரியும் மேடம். சார் பதில் சொன்னப்ப நீங்க அவங்களைத் திரும்பிப் பார்த்தீங்க. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

ஹாஜா சாரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது வெட்கப்படத் தெரிந்த அந்த மனத்தை. அவரை அது மறுநாளே பேருந்தில் ஏற்றியது. என்னைப் பேசவைக்க அவர் இறக்க வேண்டியிருந்தது.