ரஹூமாவின் வெள்ளை வளையம்

செய்தி வந்தது மதிய லுஹர் தொழுகைக்குச் சற்று முன்பு. மஸ்தூரா இரும்புத் தகட்டின் மேல் ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பிக்கப் வண்டி கூடாரத்துக்கு வெகு தூரத்திலேயே நின்றது. இறங்கியவன் கிட்ட வரவில்லை. அந்தத் தூரத்தைப் பார்த்ததுமே வந்திருப்பது கைத் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கூடாரக் கயிற்றுக்கு நாற்பது அடிக்குள் கால் வைக்கக்கூடாது என்று அவள் புருஷன் ரஹூமா தம்பிக்கு விதித்திருந்தான்.

"அண்ணி, அண்ணனுக்குக் காலையில முடிஞ்சிருச்சு."

ரொட்டி கருகியது. அவள் எடுக்கவில்லை.

"பக்கத்துல யாரு இருந்தா?"

"பசங்க இருந்தாங்க. நான் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னேன். என் குரலைக் கேட்டதும் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டார். 'என் குழியில அவன் ஒரு பிடி மண்ணு போட்டாலும் அள்ளி வெளிய கொட்டுங்கடா'ன்னார். அதான் கடைசிப் பேச்சு."

சொல்லும்போது கைத்தின் முகத்தில் வருத்தம்கூட இல்லை. ஏழு மாதமாக அடி வாங்கிப் பழகிய முகம்.

ரஹூமா பிறந்தது பெரிய சண்டை முடிந்த மறு வருடம். வெள்ளைக்காரர்கள் இருபக்கமும் சுட்டு முடித்துவிட்டுக் கப்பலேறிப் போனார்கள்; வெடிக்காமல் மண்ணில் மிஞ்சியவற்றை எகிப்தின் வடகரைப் பாலைவனத்து அவ்லாத் அலி ஜனங்களுக்கு விட்டுப் போனார்கள். தொலைந்த ஒட்டகத்தைத் தேடிப் போன ரஹூமாவின் அப்பா திரும்பி வந்தது ஒரு சாக்கில். பதினொரு வயதில் ரஹூமாவின் இடது கையில் இரண்டு விரல் போனது. அந்தக் கையோடுதான் இருபது வயதில் அவன் செத்த குண்டுகளை ஒரு கொட்டகையில் சேர்க்க ஆரம்பித்தான்.

பார்லி விதைக்கும் நிலத்தில் ஏர் முனையில் பீரங்கிக் குண்டு தட்டினால் மற்றவர்கள் அந்த மூலையை விட்டுவிட்டு உழுதார்கள். ரஹூமா அங்கே செங்கற்களை அடுக்கி அடையாளம் வைத்துவிட்டு, ராணுவ முகாமிலிருந்து மாதம் ஒருமுறை வரும் சார்ஜென்ட் தவ்ஃபீக்கைக் கூட்டிப்போய்க் காட்டுவான். உயிருள்ளதை அவர் அங்கேயே வெடித்துவிடுவார். நகர்த்தலாம், ஆனால் சந்தேகம் என்பதைக் கொட்டகைக்குப் பின்னாலிருந்த பள்ளத்தில் வைக்கச் சொல்வார். அதைச் சுற்றிச் சிவப்புக் கற்கள். அடுத்த வருகையில் அவர் நிதானமாகப் பார்த்து, "செத்துடுச்சுப்பா, இனிமே உன் பிள்ளை மாதிரி" என்று சொன்ன பிறகே அது கொட்டகைக்குள் போகும். போகுமுன் அதன் இடுப்பில் ரஹூமா ஒரு வெள்ளை வளையம் தீட்டுவான். மூன்று விரல் கையால் குண்டை மெல்ல உருட்டி, தூரிகையை அசைக்காமல் பிடித்து, ஆரம்பித்த புள்ளியில் கொண்டுவந்து சேர்ப்பான். சேர்ந்த இடம் எதுவென்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இருபத்தாறு வருடத்தில் இருநூற்றுப் பதினேழு குண்டுகள். "ஊரே ஆடு மேய்க்குது, ரஹூமா இரும்பு மேய்க்கிறான்" என்று சிரித்தார்கள். "மழை பெஞ்சா குட்டி போடுமாடா?" என்று கேட்டார்கள். ஆனால் வெள்ளை வளையத்தைக் கண்டால் குழந்தைகள்கூட அதன்மேல் உட்கார்ந்து விளையாடின. அந்தக் கரையில் அரசாங்க முத்திரைக்கு இல்லாத மதிப்பு அந்தக் கோட்டுக்கு இருந்தது.

போன அக்டோபரில், சண்டையில் செத்த தோழர்களின் கல்லறைகளைப் பார்க்க வந்த கிழட்டு வெள்ளைக்காரர்கள் கொட்டகையைப் பார்க்கவும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதே வாரம் ரஹூமாவுக்கு மத்ரூஹ் டவுனில் கண் ஆபரேஷன். புறப்படும்போது மனைவியிடம் சொன்னான்: "வளையம் போட்டதை மட்டும் காட்டு. பள்ளத்துல கிடக்கே அந்த நெட்டைக் குண்டு, அந்த மாதிரியைத்தான் போன வருஷம் வந்த ஒரு கிழவன் கேட்டுக் கேட்டு அழுதான். ஹும், இந்தத் தவ்ஃபீக் இந்த மாசம்னு பார்த்து லீவுல போயிட்டான்."

மஸ்தூரா காலை முழுக்க அந்தக் கிழவனை நினைத்தாள். ஐம்பது வருடம் மண்ணில் கிடந்த இரும்பு. அதற்கு என்ன உயிர் இருக்கப்போகிறது? பித்தளைப் பட்டையோடு அவ்வளவு அழகாக இருந்தது. புருஷன் வந்ததும், 'உங்க நெட்டையைப் பார்த்துட்டுக் கிழவன் என் கையைப் பிடிச்சு அழுதான்' என்று சொல்லலாம். அதைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் அணைத்துத் தூக்கிவந்து வரிசையில் நிறுத்தினாள். வளையமில்லாமல் அது மட்டும் அம்மணமாக நின்றது. வெள்ளைப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தாள். நிற்கவைத்த குண்டைச் சுற்றித் தீட்ட வரவில்லை. பாதிதான் போயிருந்தாள், சாலையில் பஸ் ஹாரன் அடித்தது. ஈரமான பக்கத்தை முன்னால் திருப்பிவைத்துவிட்டு நிமிர்ந்தபோது, விருந்தாளிகளுக்கென்று அறுத்த ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கைத் வாசலில் நின்றான்.

"என்ன அண்ணி, நீங்களும் பெயிண்டர் ஆயிட்டீங்களா?"

"சும்மா இரு. உங்கண்ணன் வர்றதுக்குள்ள எடுத்து வெச்சிருவேன்."

கிழவர்கள் பார்த்தார்கள், அழுதார்கள், தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். அவள் பாத்திரம் கழுவக் கிணற்றுக்குப் போயிருந்த நேரத்தில், பக்கத்து வம்சத்துப் பையன் ஷுஐப் அந்த நெட்டையைக் கழுதையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். கல்யாணமாகி ஐந்து மாதம். பித்தளைப் பட்டைமேல் கண். "வளையம் போட்டிருக்குடி, செத்தது, பயப்படாதே" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் சுத்தியலை எடுத்திருக்கிறான். குண்டு வெடித்து, அவனையும் சாக்கில்தான் அள்ளினார்கள்.

கண்ணில் கட்டோடு ரஹூமா வந்து இறங்கியபோது அவனுக்காகச் சபை கூடிக் காத்திருந்தது. உள்ளங்கை அகல இரும்புச் சில்லு ஒன்றை நடுவில் துணிமேல் வைத்திருந்தார்கள். அதில் வெள்ளைக் கோடு. பள்ளத்திலிருந்து திருடியிருந்தால் பழி திருடனோடு போகும். வளையம் ரஹூமாவுடையது என்றால் ரத்தப் பழியும் அவனுடையது.

ரஹூமா சில்லைக் கையிலெடுத்து ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் பார்த்தான்.

"கோடு நடுவுலயே நின்னுபோயிருக்கு, பாருங்க. நான் வளையத்தைப் பாதியில விட்டதில்ல. இது என் கை இல்ல."

யாரோ சிரித்தார்கள். "மூணு விரலுக்கு இவ்வளவு பெருமையா?"

"என் பள்ளத்துல இருந்து போனப்ப அதுல கோடு இல்ல. அப்புறம் எவனோ போட்டிருக்கான்."

ஷுஐபின் அப்பா எழுந்துவிட்டார். "செத்த பிள்ளையோட ரத்தத்துல நாங்க சுண்ணாம்பு அடிச்சோம்ங்கிறியாடா?"

பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் மஸ்தூரா தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தாள். ஓரத்தில் வெள்ளை இன்னும் போகவில்லை. அவள் எழுந்திருக்கவில்லை.

வழக்கப்படி சத்தியம் கேட்டார்கள். ரஹூமாவின் ரத்த உறவில் ஐம்பத்தைந்து ஆண்கள் வலியுல்லாவின் தர்காவில் நின்று, 'அந்த வளையத்தை ரஹூமாவோ அவன் வீட்டாரோ போடவில்லை' என்று சொல்ல வேண்டும். ஒருவன் குறைந்தாலும் சத்தியம் விழுந்துவிடும். ஐம்பத்துநான்கு பேர் சொன்னார்கள். ரஹூமாதான் முதலில் சொன்னான், கணீரென்று. கடைசியாக நின்றது கைத்.

"என்னால முடியாது" என்றான்.

"ஏன்டா?"

"முடியாது."

"ஏன்னு சொல்லு, நாயே!"

பொய்ச் சத்தியம் செய்ய அவனுக்குப் பயம். அண்ணியின் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. தர்கா வாசலிலேயே ரஹூமா அவன் முகத்தில் துப்பினான். சொந்தக்காரர்கள் செருப்பால் அடித்தார்கள். கைத்தின் மனைவி பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

ரத்தப் பழி விழுந்தவன் ஒரு வருடம் வேற்று வம்சத்தின் நிழலில் ஒதுங்கியிருக்க வேண்டும். ரஹூமா ஆடுகளை விற்றுவிட்டு தபா பக்கம் வந்து கூடாரம் போட்டான். ஊரில் கொட்டகையைப் பிரித்துக் குண்டுகளைக் கடலில் தள்ளியதாகக் கேள்விப்பட்டதும் அவன் சர்க்கரைக்குச் சாப்பிட்டுவந்த மருந்தை நிறுத்திவிட்டான். சர்க்கரை காலில் ஆரம்பித்து மேலே ஏறியது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஒரே கேள்விதான்.

"பாதியில விட்டுட்டுப் போனவன் எவன்டி? அது மட்டும் தெரிஞ்சா போதும். நீ என்ன நினைக்கிறே?"

"ரொட்டி ஆறுது, சாப்பிடுங்க" என்பாள்.

இப்போது கைத் மணலில் நின்றுகொண்டிருந்தான். மஸ்தூரா கருகிய ரொட்டியை எடுத்து எறிந்தாள்.

"நீ சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"நானா? ஏழு மாசம் பக்கத்துல படுத்திருந்தது நீங்க அண்ணி."

அடக்கம் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு நடந்தது. கைத் மேட்டில் தனியாக நின்றான். அவன் ஓரடி முன்னால் வந்ததும் ரஹூமாவின் மூத்த மகன் கல்லெடுத்தான். முதல் கல் தோளில் பட்டது, இரண்டாவது நெற்றியில். கைத் ரத்தத்தைத் துடைக்காமல் பெண்கள் நின்ற பக்கம் பார்த்தான். மஸ்தூரா முகத்திரையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"சரியா போட்டேடா" என்று பக்கத்தில் நின்ற கிழவி கல்லெறிந்தவனைப் பார்த்துச் சொன்னாள். மஸ்தூராவும் தலையாட்டினாள்.

குண்டோடு சிதறிப்போன பிறகும், அவள் தீட்டிய அந்த வளையம் மூடுவதற்கு இன்னும் ஒரு சாண் பாக்கி இருந்தது.